கோரியேசியஸ் பீமராவ்

பீமராவுக்கு நான் பன்னிரண்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், வையம்பட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பையோடு திருச்சிக்கு வந்து, ரோஜாத் தொட்டிகளைத் தலையில் சுமந்து உறையூர்த் தெருக்களில் விற்று, இன்றைக்கு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மூன்று ஏக்கரில் நர்சரி நடத்துகிறேன். இரண்டு மினி லாரி ஓடுகிறது. பேங்குக்குக்கூட நான் கடன்பட்டதில்லை. மேனேஜர்தான் டெபாசிட் கேட்டு என் வாசலில் வந்து நிற்பார், நான் மோர் கொடுத்து அனுப்புவேன். அப்பேர்ப்பட்ட ராசப்பனைச் சில வாரங்கள் கடன்காரனாக்கி வைத்திருந்தவர் பீமராவ். அதுவும் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு. இப்படி ஒரு மகானின் சரித்திரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. படித்தவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நானே எழுதுகிறேன்.

பீமராவ் மராட்டி பேசுகிற குடும்பம். நாலு தலைமுறையாக ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள் என்பதால் காவிரித் தண்ணீர் குடித்து மராட்டி கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் மாடி அறை. ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, மழையில்லாத நாளிலும் கையில் குடை. திருச்சியில் ஒரு காலேஜில் செடி கொடி பாடம் நடத்துகிற டிபார்ட்மெண்டில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

அட்டெண்டர் என்றால் மணி அடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அதைவிடப் பெரிய வேலை செய்தார். செத்த செடிகளைக் காவல் காத்தார். பேராசிரியர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போய்ச் செடிகளை ஒடித்துக்கொண்டு வருவார்கள். பீமராவ் அவற்றைப் பழைய நியூஸ் பேப்பருக்கு நடுவே வைத்து அமுக்கி, காய வைத்து, அட்டையில் பசை போட்டு ஒட்டி, காம்பை நூலால் தைத்து, அலமாரியில் அடுக்குவார். உயிரோடிருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் ஒரு குடும்பத்தையே கரையேற்றிவிட்டேன். செத்த செடிக்கு அந்துருண்டை வைத்து அவர் பென்ஷன் வாங்கினார். அரசாங்கத்தின் பெருந்தன்மை அப்படி.

ஒட்டிய ஒவ்வொரு அட்டையிலும் இலை எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். பேராசிரியர் சொல்லுவார், பீமராவ் எழுதுவார். அங்கேதான் அந்த வார்த்தை அவருக்குக் கிடைத்தது. கோரியேசியஸ். இலை தோல் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தோல் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என் கதையே வேறு.

அந்த வார்த்தையின் லட்சணங்களை அவர் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டதில்லை, அவராகவே சொல்லுவார். "தடிப்பு இருக்கணுங்க. விறைப்பு இருக்கணும். வளைச்சா வளையணும், விட்டா நிமிரணும். கசக்கினா கசங்கப்படாது. லத்தீன்ல கோரியம்னா தோலு." லத்தீன் என்பது ஏதோ லால்குடிக்குப் பக்கத்தில் இருப்பதுபோலச் சொல்லுவார். காகிதம் மாதிரி இலைக்கு ஒரு பெயர், சவ்வு மாதிரி இலைக்கு ஒரு பெயர் உண்டாம். தோல் ஆகியும் ஆகாமலும் நடுவில் நிற்கிற இலைக்கு சப்-கோரியேசியஸ். அதாவது அரைத் தோல்.

ஒரு தச்சன் சுத்தியலை வாங்கிவிட்டால் எதையெல்லாம் தட்டுவானோ அதையெல்லாம் பீமராவ் இந்த வார்த்தையால் தட்டினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆறிப்போன பரோட்டா கோரியேசியஸ். பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தாவின் மனசு கோரியேசியஸ், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் சப்-கோரியேசியஸ். கல்யாணமான புதிதில் அவர் சம்சாரம் ஆசையாகச் சுட்டுப்போட்ட முதல் சப்பாத்தியையும் இரண்டு விரலால் வளைத்து, விட்டுப் பார்த்து, அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அந்த அம்மாள் தீபாவளி வரைக்கும் பேசவில்லை. காலமாகும் வரைக்கும் அந்த வீட்டில் சப்பாத்தி சுடவுமில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் வைத்த ஆப்பு, பல். புகையிலையாலோ சர்க்கரையாலோ வரிசையாகக் கழன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரைத்த சாதம், ஊறின இட்லி, கஞ்சி என்று ஆகிவிட்டது. அது பரவாயில்லை, எத்தனையோ பேர் அப்படி இருக்கிறார்கள். இவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த வார்த்தையைச் சொல்ல வரவில்லை. முன்பாதி வரும், பின்பாதியில் பிரஷர் குக்கர் விசில் மாதிரி காற்றுதான் வரும். தில்லைநகரில் ஒரு பல் டாக்டர் அளவெடுத்து, செட்டு பன்னிரண்டாயிரம் என்று சொல்லிவிட்டார். பென்ஷனில் வாடகை, மாத்திரை போக அவ்வளவு மிஞ்சாது.

இந்த நிலைமையில்தான் துவாக்குடி முருகானந்தம் என் நர்சரிக்கு வந்தார். அங்கே வெளியூரிலிருந்து இஞ்சினியரிங் படிக்க வரும் பிள்ளைகளை நம்பி ஆளாளுக்கு ஹாஸ்டல் கட்டுகிறார்கள். முருகானந்தமும் நாலு மாடி கட்டிவிட்டார். காம்பவுண்டு ஓரம் முழுக்கச் செடி வைக்க வேண்டும்.

"முந்நூறு செடிங்கண்ணே, ஆள் உயரம். ஆர்க்கிடெக்ட் அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. இலை கோரி... கோரியே..." என்று திணறினார்.

"கோரியேசியஸ்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எட்டு முழ வேட்டி கட்டிய ராசப்பனின் வாயிலிருந்து லத்தீன் வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

"அண்ணே, என்னண்ணே அது?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? நம்மகிட்ட இருக்கு. செடி ஒண்ணு நானூறு."

இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தர மாட்டார்கள். வெயில் சுடுகிற இடம், தண்ணீர் குறைவு, அதனால் தோல் இலைச் செடியாகக் கேட்கிறார்கள் என்பதுவரை எனக்குப் புரிந்தது. ஆனால் நாளைக்கு அந்த அம்மா வந்து லத்தீனில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. பீமராவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தார். குடையை மடக்கினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்த மாதிரி ஆகிவிட்டார்.

"செடியை நீங்க தேர்ந்தெடுத்துக் குடுங்க ராவ். அங்க வந்து அந்தம்மாகிட்ட நாலு வார்த்தை பேசுங்க. எவ்வளவு வேணும்?"

"பன்னெண்டாயிரம்."

"செடிக்கா?"

"பல்லுக்கு."

என்னிடம் முப்பது வருஷமாக வேலை செய்கிற பாக்கியமேரி பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். "குடுத்துடுங்க மொதலாளி. பல்லு வந்துட்டா நம்ம மொறுக்கையாவது திம்பாரு" என்றாள்.

"பார்ட்டி பணம் குடுத்த அன்னைக்கு உங்க பணம் ராவ். அதுக்கு முந்தி ஒரு பைசா கிடையாது" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் தேர்ந்தெடுத்த அழகைச் சொல்ல வேண்டும். செடிகளை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் உதிர்ந்து காய்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய், கட்டைவிரலால் தடவி, வளைத்து, விட்டு, காதில் வைத்துச் சத்தம் கேட்டு, கடைசியில் ஓர் இலையை உயர்த்திப் பிடித்தார்.

"இது என்னங்க?"

"புன்னை."

"இதான். கோரியேசிய..." விசில்.

"செடியைப் பார்க்கலையா ராவ்? அந்தா நிக்குதே."

"மரத்துல இருக்கிறது எல்லாம் இன்னும் முடியாத வேலைங்க. காஞ்சு விழுந்தாத்தான் அது இலை" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் செத்த இலையையே தொட்டுக் கொண்டிருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? புன்னையில் முந்நூறு ஒதுக்கினேன்.

ஒதுக்கியபின், எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். டெலிவரிக்கு முன் செடிக்கு முகம் கழுவி விடுவது என்று நாங்கள் சொல்லுவோம். மழைக்கறையும் பூச்சி அரித்த ஓட்டையும் உள்ள பழைய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, கொஞ்சம் யூரியாத் தண்ணீர் காட்டி, பச்சை நிழல்வலைக்குக் கீழே நிறுத்தினால், செடி முழுக்கப் புதுத்துளிர் வந்து மினுமினுவென்று நிற்கும். ஜனங்கள் துளிரைப் பார்த்துத்தான் செடி வாங்குகிறார்கள். இந்த ஒரு வித்தையில்தான் நான் திருவானைக்காவலில் இரண்டு வீடு கட்டினேன். முந்நூறு புன்னையும் துவாக்குடிக்கு லாரி ஏறியபோது பட்டுப்புடவை கட்டிய பெண்கள் மாதிரி இருந்தன. நானே கண் பட்டுவிடப் போகிறதென்று ஒரு எலுமிச்சம்பழத்தை டயருக்கு வைத்தேன்.

நட்டு முடித்த மறுநாள் ஆர்க்கிடெக்ட் மணிமேகலை வந்தாள். சென்னைப் பெண், என் பேத்தி வயது இருக்கும். பீமராவ் இஸ்திரி போட்ட சட்டையில், குடையோடு, என் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அந்தப் பெண் நேரே போய் ஒரு செடியின் இலையை இரண்டு விரலால் பிடித்தாள். இலை வளைந்தது. விட்டாள். வளைந்தது வளைந்தபடியே தொங்கியது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவது இலை அவள் விரலிலேயே கசங்கிவிட்டது.

"என்ன சார் இது? தோல் மாதிரி கேட்டேன், டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கு. இந்த வெயில்ல ஒரு வாரம் தாங்காது."

நான் பீமராவைப் பார்த்தேன். பீமராவ் இலையைப் பார்த்தார். கை நீட்டி ஒன்றைத் தொட்டார். சூடு பட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"இவங்க யாரு?" என்று அவள் கேட்டாள்.

"இவரு எங்க... எக்ஸ்பர்ட்டுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. முருகானந்தம்தான் சிரித்தார். "அண்ணே, எக்ஸ்பர்ட்டுக்குப் பல்லும் இல்ல, இலையும் தெரியல. திறப்பு விழாவுக்குள்ள இலை சரியா இருந்தா பணம். இல்லன்னா லாரியக் கொண்டாந்து அள்ளிட்டுப் போங்க."

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் சரக்கு. அள்ளிக்கொண்டு போனால் வேர் அறுந்து பாதி செத்துப்போகும். லாரியிலேயே திரும்பினோம். நர்சரிக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"பார்த்தீங்களா ராவ், உங்க வார்த்தை என் தலையில விழுந்துட்டுது."

"அது அந்த இலை இல்லைங்க. நான் பார்த்தது வேற. செடிய என்ன பண்ணீங்க?"

நான் பேசுவதற்குள் பாக்கியமேரி முந்திக்கொண்டாள். "மொதலாளிதான் பழைய இலையெல்லாம் கிள்ளச் சொன்னாங்க சார். நானும் நாலு பேரும் ரெண்டு நாளா கிள்ளினோம்."

"அது வியாபாரம்" என்றேன். "லாரி ஏத்துறதுக்கு முந்தி நீங்க செடியைத் தொட்டுப் பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. குப்பையைப் பார்த்துச் சரக்கெடுத்தா?"

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். "எங்க ரூமுக்கு வர்றப்ப எல்லாமே முத்தினதாத்தாங்க வரும். இளசா ஒண்ணு எப்படி இருக்கும்னு யாரும் எனக்குக் காட்டினதில்ல. இது முத்துமா? இல்ல இப்படியே இருந்துடுமா?"

கேட்டீர்களா? அந்த வார்த்தையை ஆயிரக்கணக்கான அட்டைகளில் எழுதிய மனிதர், ஓர் இலை தோலாவதற்கு முன்னால் என்னவாக இருக்கும் என்று ஐந்தாம் வகுப்பு ராசப்பனிடம் கேட்கிறார்.

"முத்தும். யூரியா வேகம் அடங்கணும். தண்ணிய குறைக்கணும், வெயில் காட்டணும். அப்ப விறைச்சுக்கும்" என்றேன். "ஆனா அதுவரைக்கும் உங்க பல்லும் மரத்துலதான் ராவ்."

அன்றிலிருந்து பீமராவுக்குப் புது உத்தியோகம். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு, சத்திரத்தில் பஸ் ஏறி, துவாக்குடியில் இறங்கி, அந்த ஹாஸ்டல் காம்பவுண்டு ஓரமாக இலை இலையாகத் தொட்டுக்கொண்டே நடப்பார். முதல் முறையாக உயிருள்ள இலையோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கொஞ்சம் தாமதமான அறிமுகம், ஆனாலும் சந்தோஷம். ஹாஸ்டல் வாட்ச்மேன் அமிர்தராஜுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் பெரிய பக்தி. குழாயைத் திறந்தால் மூடமாட்டான். பீமராவ் குழாயின் மேல் குடையை வைத்து மறித்துக்கொண்டு நிற்பாராம்.

"பெரியவரே, செடி காயுதே, பாவம் இல்லையா?"

"காயட்டும். நீ தண்ணி விட்டா நான் கஞ்சிலயே கெடக்கணும்."

அமிர்தராஜ் எனக்கே போன் செய்து கேட்டான்: "இவரு உங்க சொந்தக்காரருங்களா? செடிகிட்ட பேசுறாருங்க." இல்லை, நான் இவருக்குக் கடன்காரன் என்று சொல்லவா முடியும்? ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டில் என் சம்சாரம் சந்திரம்மாளின் நச்சரிப்பு வேறு. "அந்த மனுஷன் பஸ் காசு குடுத்து உங்க செடிக்குக் காவல் இருக்காரு. அந்தப் பணத்தைத் தூக்கிக் குடுத்தா உங்க ரெண்டு வீட்டுல ஒண்ணு இடிஞ்சா விழுந்துடும்?" பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்றேன். பார்ட்டி கொடுத்தால்தான் நான் கொடுப்பேன். அப்படி இருந்ததால்தான் அவள் கழுத்தில் நகை இருக்கிறது. இதையும் அவளிடம் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கும் கஞ்சி ஊற்றினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மணிமேகலை வந்தாள். நான், முருகானந்தம், பீமராவ் மூவரும் அவள் பின்னால் நடந்தோம். துவாக்குடி வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதனையே தோலாக்கும், இலை எம்மாத்திரம்? மினுமினுப்பெல்லாம் போய், கரும்பச்சையாக, கனத்து நின்றது புன்னை. அவள் ஓர் இலையை வளைத்து விட்டாள். படக்கென்று நிமிர்ந்தது. அடுத்ததும் நிமிர்ந்தது. வரிசையாகப் பத்துப் பதினைந்து பார்த்துவிட்டு, "ம், கோரியேசியஸ்" என்றாள்.

பல்லுள்ளவர்கள் சொல்லும்போது அந்த வார்த்தை எவ்வளவு சுத்தமாக வருகிறது! பீமராவ் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். வித்வான் கச்சேரியில் தம்பூராச் சுருதி சேர்ந்த மாதிரி.

"எல்லாம் ஓகே. பில் பாஸ் பண்ணிடலாம் சார்" என்று அவள் முருகானந்தத்திடம் திரும்பினாள்.

இந்த இடத்தில் எந்தப் புத்தியுள்ள மனிதனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பீமராவ் குடையை நீட்டினார்.

"அம்மா, அந்த வடக்கு மூலைல கட்டடத்து நிழல் விழுதுங்க. அந்த அம்பது இன்னும் ஆகல. சப்-தான்."

நான் அவர் காலை மிதித்தேன். செருப்போடு, நன்றாகவே மிதித்தேன். அவர் காலை மெல்ல உருவிக்கொண்டு, "ஆகாததை ஆச்சுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

அந்தப் பெண் வடக்கு மூலைக்குப் போய் வளைத்துப் பார்த்தாள். இலை பாதி நிமிர்ந்து பாதியில் யோசித்தது. திரும்பி வந்து பீமராவைப் பார்த்து, "சப்-கோரியேசியஸ். கரெக்ட் சார்" என்றாள். என்னைப் பார்த்து யாரும் சார் என்று சொல்லவில்லை. முருகானந்தம் சந்தோஷமாக ஐம்பது செடிப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, இருநூற்றைம்பதுக்கு மட்டும் ஒரு லட்சத்தை என் கணக்கில் போட்டார். இருபதாயிரம் ரூபாய் ஒரு குடையின் முனையில் போயிற்று.

நான் லாரியை எடுக்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். பீமராவ் அதற்குள் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். லாரியில் என்னோடு வர அவருக்குத் தைரியம் இல்லை போலிருக்கிறது. கிட்டே போனேன். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்ததும் அவரே பேசினார்.

"கணக்கு போட்டுட்டேங்க. முந்நூறுக்குப் பன்னெண்டாயிரம்னா அம்பதுக்கு ரெண்டாயிரம். அதைக் கழிச்சுக்குங்க. பார்ட்டி குடுத்தவரைக்கும்தானே நம்ம பேச்சு? பத்தாயிரம் குடுத்தாப் போதும்."

"பத்தாயிரத்துக்கு டாக்டர் செட்டு குடுப்பானா?"

"மேல்வரிசை மட்டும் இப்ப மாட்டிக்கறேன். கீழ்வரிசைய பொறவு பார்த்துக்கலாம்."

மேல்வரிசை மட்டும்! ஊருக்குள் என்ன பேசுவார்கள்? ராசப்பன் வேலை வாங்கினான், பாதிப் பல்தான் கொடுத்தான் என்பார்கள். சத்திரத்திலிருந்து மேலூர் வரைக்கும் ஒரு பல்வரிசை என் பேரைச் சொல்லிக்கொண்டு திரியும். தலையில் தொட்டி சுமந்த காலத்தில்கூட நான் யாருக்கும் பாதிச் செடி விற்றதில்லை.

"ராவ், அந்த அம்பதையும் வேர்மண்ணு உதிராம தெக்குப் பக்கமா மாத்தி நட்டு, அந்த இருபதாயிரத்தை வாங்க எனக்குத் தெரியும். உங்க சலுகையெல்லாம் எனக்கு வேண்டாம். கையை நீட்டுங்க."

"போன்ல ஜிபே எல்லாம் எங்கிட்ட இல்லைங்க."

"எங்கிட்ட நோட்டு இருக்கு. கையை நீட்டுங்கங்கறேன்."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையை விரித்தார். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஒன்று வந்து, எங்களைப் பார்த்து நின்று, நாங்கள் ஏறாததைக் கண்டு கண்டக்டர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். இடுப்புப் பையைத் திறந்து ஐநூறு ரூபாய்த் தாள்களை எடுத்தேன். எச்சில் தொட்டு, உரக்க எண்ணி, ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தேன். இருபதாவது தாளில் பத்தாயிரம் ஆனதும் அவர் விரல்களை மடக்கப் பார்த்தார். "இருங்க" என்று விரல்களைப் பிரித்து, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று மிச்சத்தையும் வைத்தேன்.